புவனேஸ்வரி ஒளித்துவைத்த ஒரு வரி

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. வயிற்றெரிச்சலில் ஒரே ஒரு வரியை ஒளித்துவைத்தவளின் கதை சொல்கிறேன், உங்களுக்கென்றே எடுத்து வைத்திருந்தது.

பாகூர்ப் பக்கம் ஒரு உழவர் சங்கம். அறுவடை மிஷினுக்கு முறை பதியும் வெப்சைட்டை அங்கே செய்து கொடுத்தவள் புவனேஸ்வரி. வெப்சைட் எழுதும் பிஎச்பி மொழியை யூடியூபைப் பார்த்துப் பார்த்துக் கற்றவள். ரோட்டோரக் கழனியை முதலில் அறுத்தால்தான் மிஷின் உள்கழனிக்கு இறங்க முடியும். வரிசை பிசகினால் சண்டைதான். அந்த வரிசை முழுக்க வெப்சைட்டின் டேட்டாபேஸில் இருந்தது.

இந்தப் போகத்தில் வெப்சைட்டைப் புது சர்வருக்கு மாற்றும் வேலையைத் தலைவர் சுப்பராயலு விஜயராணியிடம் கொடுத்துவிட்டார். புவனாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள், டவுனில் கம்பெனி வேலை பார்த்து வந்தவள். "படிச்ச பொண்ணு, நறுக்குன்னு செய்யும்" என்றார். அந்த 'நறுக்குன்னு' புவனாவுக்குத் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. விஜயராணி பூ வைத்திருந்த விதம்கூடப் பிடிக்காமல் போனது.

சர்வர்காரர்களின் மெயில் பழையபடி புவனாவுக்கே வந்தது. டேட்டாபேஸ் இனி வேறொரு கம்ப்யூட்டரில் இருக்கும், செட்டிங்ஸ் ஃபைலில் ஹோஸ்ட் என்ற இடத்தில் அதன் முகவரியைப் போடுங்கள் என்று எழுதியிருந்தது. படித்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அறுவடை நாள் காலை, சங்க அலுவலகம். விஜயராணி யூசர் பெயரைச் சரிபார்த்தாள், பாஸ்வேர்டை மூன்று தரம் அடித்தாள். இணைக்க முடியவில்லை என்றே திரை சொன்னது. ஹோஸ்ட் வரியில் பழைய லோக்கல்ஹோஸ்ட், அதாவது 'இதே கம்ப்யூட்டர்தான்' என்ற சொல், அப்படியே இருந்தது. பின்னால் நின்ற புவனாவுக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

வாசலில் மிஷின் டிரைவர் அன்புராஜ் குரல் கொடுத்தான். "லிஸ்டு இல்லன்னா நெட்டப்பாக்கம் போறேன்பா. பத்து மணி வரிக்கும் பாப்பேன்."

உள்கழனிக்காரி ஜெயா சன்னலில் முகம் வைத்தாள். "இன்னா புவனா, நீ செஞ்சது, அவ மல்லுக்கட்டுறா, நீ வேடிக்க பாக்குற. தெக்கால மேகம் கட்டுது. எம்பயிரு சாஞ்சு கெடக்குடி."

புவனா போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பத்தடித்தது. மிஷின் உறுமிக் கிளம்பியது. ஜெயா செருப்பைக்கூட மாட்டாமல் அதன் பின்னால் ஓடினாள். அதைத்தான் புவனாவால் பார்க்க முடியவில்லை.

"நவுருடி." விஜயராணியைத் தள்ளி உட்கார்ந்து, போனைப் பார்த்து அந்த ஒரு வரியை அடித்தாள். பட்டியல் வந்து நின்றது. யாரோ ஓடி மிஷினை மறித்தார்கள்.

சுப்பராயலு எட்டிப் பார்த்தார். "விஜயராணி கை வச்சா நடக்கும்னு சொன்னேன்ல."

புவனாவுக்குக் காதுமடல்வரை எரிந்தது.

"நான் இல்ல மாமா, இவதான்" என்றாள் விஜயராணி. அவர் தலை மறைந்ததும் தாழ்ந்த குரலில் கேட்டாள். "காலைலயே ஒனக்குத் தெரியும், இல்ல?"

"முந்தாநேத்தே தெரியும்."

"பத்தாவதுல ஒன் கணக்கு நோட்டு காணாப்போச்சே, நெனப்பு இருக்கா?"

"அது நீயாடி?"

"ஒன் மார்க்கப் பாத்து எனக்கும் இப்புடித்தான் எரிஞ்சிச்சு."

புவனா அவளை முறைத்தாள். பிறகு பாதி நாற்காலி விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஜெயாவின் நெல் மழைக்கு முன்னே வீடு சேர்ந்தது. புவனாவின் எரிச்சல் ஆறியதா என்று கேட்காதீர்கள், பாதி ஆறியது. உங்கள் வீட்டுக் குதிர் நிறையட்டும், கண்ணுகளா. அடுத்தவர் வீட்டு வெளிச்சம் உங்கள் கண்ணைக் கூசவைக்காமல், உங்கள் வீட்டு விளக்கும் அணையாமல் எரியட்டும்.