அம்பியின் சிகரெட் படங்கள்

மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பின்னால், நான்கு குடித்தனங்கள் இருந்த வீட்டின் பின்கட்டு அறையில் அம்பி படுத்திருந்தான். அவனுக்குக் காசநோய். அது அவனுக்கும் அக்கா சுலோச்சனாவுக்கும் டாக்டருக்கும் மட்டுமே தெரியும். மற்றவர்களிடம் இரைப்பு என்று சொல்லிவைத்திருந்தாள். வெளியே தெரிந்தால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிடுவார். அவள் வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கூடத்திலும் வரவேண்டாம் என்றுவிடுவார்கள்.

சானடோரியத்தில் சேர்த்தால் பிழைக்க வழியுண்டு என்றார் டாக்டர். அதற்கு முன்பணம் கட்டவேண்டும். சுலோச்சனாவின் வளையல்கள் மருந்துக்கே போய்விட்டன. மிச்சம் இருந்தது அம்பியின் தலைமாட்டில் இருந்த பிஸ்கோத்து டின்தான். அது நிறைய சிகரெட் படங்கள். பொங்கல் கிரிக்கெட் மாட்சின்போது சேப்பாக்கத்தில் வெள்ளைக்காரர்கள் எறியும் காலி சிகரெட் பெட்டிகளுக்காக, அவனும் திருவல்லிக்கேணி ஹபீபுர் ரஹ்மானும் சிறுவயதில் புல்லில் உருண்டு சண்டை போட்டிருக்கிறார்கள். பெட்டிக்குப் பெட்டி ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரரின் வர்ணப் படம் இருக்கும். ஹபீபு இப்போது தோல் வியாபாரி. ஆனாலும் படப் பைத்தியம் அவனை விடவில்லை. தன்னிடம் இல்லாதவை அம்பியிடம் இருப்பதை அவன் மறக்கவும் இல்லை.

படுக்கையில் விழுந்ததிலிருந்து அம்பியின் கையில் எந்நேரமும் அந்தப் படங்கள்தான். விற்கலாமா என்று அக்கா கேட்டபோது, "சரி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஹபீபு வந்தான். சுலோச்சனா அறைக் கதவைச் சாத்திவிட்டு, அவனைத் தாழ்வாரத்தில் உட்காரவைத்தாள்.

"இன்னாக்கா, அம்பிக்கு இரைப்பு இன்னும் உடலியா?"

"இப்போ தேவலை. தூங்கிண்டிருக்கான்."

ஹபீபு டின்னைத் திறந்தான். முகம் மலர்ந்தது. "மாஷா அல்லா! இதுக்கு எத்தினி வருசம் ஏங்கிக்கினு இருந்தேன் தெரியுமா?" விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு படமாகப் புரட்டினான். சுலோச்சனா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம் பொண்ணு நஸ்ருன்னிசாவுக்கும் படம்னா உசுரு. ஆனா எது கெடச்சாலும் வாயில வச்சிப்பா. பல்லு மொளைக்குதில்ல!"

"குழந்தைகள் அப்படித்தான்" என்றாள் சுலோச்சனா.

கதவு திறந்தது. அம்பி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஹபீபு, கீழே போடு. எனக்கு இரைப்பு இல்லைடா, காசம். ரத்தமா வரது. அத்தனையும் நான் இருமின கையால தொட்டது. போய் வாயைக் கொப்பளி."

"அம்பி, சும்மா இருடா!" என்று கத்தினாள் சுலோச்சனா.

ஹபீபின் மடியிலிருந்து படங்கள் சரிந்தன. கிணற்றடிக்கு ஓடி, சாம்பலை அள்ளிக் கையைத் தேய் தேய் என்று தேய்த்தான். பிறகு வெளியே போனான். அதற்குள் மூன்று குடித்தனக்காரர்களும் முற்றத்துக்கு வந்திருந்தார்கள்.

"உன் உயிருக்காகத்தானேடா பண்ணினேன்!"

"தெரியும்க்கா."

படங்களை அவள் வெந்நீர் அடுப்பில் போட்டாள். மறுநாள் காலையே வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று வீட்டுக்காரர் ராஜகோபாலன் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் எந்த ஜட்கா வண்டிக்காரனும் நோயாளியை ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. சேதி எப்படியோ திருவல்லிக்கேணிக்கு எட்டி, தோல் ஏற்றும் மாட்டுவண்டியோடு ஹபீபு வந்தான். முகத்தில் துண்டைச் சுற்றியிருந்தான்.

"உங்கிட்டப் பொய் சொல்லிட்டேன், ஹபீபு" என்றாள் சுலோச்சனா.

"ராத்திரி எம் பொண்ணைத் தூக்கவே பயமாப் பூட்ச்சு. உம்மேல கோவம் கோவமா வந்துச்சுக்கா. இன்னும் போவல. ஏறு."

பெரியாஸ்பத்திரியில் உள்ளே இடமில்லை. வராந்தாக் கோடியில் பாய் போட்டுப் படுக்கவைத்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் தொழுகை முடிந்து ஹபீபு வருவான். படிக்கட்டிலேயே நின்று எந்த அணி யாரை ஜெயித்தது என்று உரக்கச் சொல்வான். அம்பி கையை மட்டும் ஆட்டுவான். ஹபீபின் குழந்தைக்கு நோய் ஒன்றும் வரவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு விடியற்காலை அம்பி போய்விட்டான். பயந்துகொண்டு உறவினர் யாரும் எட்டிப்பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி ஆட்கள்தான் தூக்கினார்கள். சுலோச்சனாவுக்கு அழுகை வரவில்லை. அன்று மட்டும் அவன் வாயை மூடிக்கொண்டு படுத்திருக்கக் கூடாதா என்ற கோபம்தான் வந்தது. படிக்கட்டில் நின்றிருந்த ஹபீபைக் கண்டதும் அதைச் சொல்ல முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.