பீரோ மேல் போன கைப்பிடி

"கைப்பிடி எங்கடா?"

"எந்தக் கைப்பிடி?"

"நாற்காலியோட கைப்பிடிடா! ரெண்டையும் கழட்டி எங்க போட்ட?"

மூன்றாம் மாடியில் சத்தம் ஏறினால் மற்ற வீடுகளில் டிவி சத்தம் தானாகக் குறைந்துவிடும். ஒரு மரியாதைதான்.

அக்காவுக்கு வேலை, டாக்டர்கள் பேசி அனுப்பும் ஒலிப்பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு கணினியில் தட்டச்சு செய்வது. தட்டித் தட்டி வலது மணிக்கட்டு வீங்கி, வலி முழங்கை வழியாக ஏறித் தோள்பட்டையில் குடித்தனமே வைத்துவிட்டது. தலைவாரிவிடக்கூட அம்மா வரவேண்டும். முழங்கை எப்போதும் கைப்பிடியில் தாங்கியிருக்கட்டும், மவுஸை இடது கைக்கு மாற்று என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தாள். வேகம் இன்னும் குறைந்தால் வேலையே கிடையாது என்று கம்பெனியும் சொல்லியாயிற்று. அந்த வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

தம்பியைத் தெருவே மைனர் என்று கூப்பிடும். அக்கா எழுந்தால் சூடு ஆறுவதற்குள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து துப்பாக்கிச் சண்டை விளையாடுவான். கைப்பிடி இடித்தால் எதிரியைச் சுட வசதிப்படவில்லையாம். திருகாணியைக் கழற்றிவிட்டான்.

"பீரோ மேல கிடக்கு. எட்டி எடுத்துக்க."

"தோளுக்கு மேல கை போகாதவளப் பார்த்து எட்டி எடுன்னு சொல்றியா?"

"சும்மா நடிக்காதக்கா. உட்கார்ந்து பட்டனத் தட்டுறதுக்கு ஒரு வலியா?"

"மெதுவாப் பேசுங்க, கீழ கேக்கும்" என்றாள் அம்மா. அது ஒன்றுதான் கீழே சரியாகக் கேட்கவில்லை.

அக்கா சுவிட்சை அணைத்தாள். மைனரின் ஆட்டம் பாதியில் செத்தது. அவன் எழுந்த வேகத்தில் நாற்காலி குப்புற விழுந்தது. கீபோர்டைப் பிடுங்கிச் சுவரில் அறைந்தான். எழுத்துகள் பல் பல்லாகத் தெறித்தன.

"அதுதான்டா எனக்குச் சோறு!"

"போடி!" என்று அவள் வலது மணிக்கட்டைப் பிடித்தான். நோகும் இடம் தெரிந்தே பிடித்து முறுக்கினான். அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே அவளைத் தள்ளிக்கொண்டு போய் பீரோவில் மோதவிட்டான். பீரோ ஆடியது, மேலே கிடந்த கைப்பிடி ஒன்று காலடியில் விழுந்தது.

வலது கையைப் பிடித்தால் அக்கா மொத்தமும் பிடிபட்டாள் என்று மைனர் நினைத்துவிட்டான். மாதக்கணக்கில் மவுஸ் தள்ளித் தேறியிருந்த இடது கையை அவன் யோசிக்கவேயில்லை.

அந்தக் கையால் கைப்பிடியைக் குனிந்து எடுத்து அவள் போட்ட முதல் அடியில் அவன் புருவம் கிழிந்து ரத்தம் மோவாய் வரை இறங்கியது. பிடி தளரவில்லை. "விடுடா!" என்று இரண்டாவது அடியை, தன்னைப் பிடித்திருந்த அவன் கையின் மணிக்கட்டிலேயே இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் மாடிப்படி வரை கேட்டது.

"அய்யோ, கை! அம்மா, என் கை!"

"பட்டனத் தட்டுற கைக்கு என்னடா வலி?"

மூன்றாவதுக்கு ஓங்கியவளை அம்மா ஓடிவந்து பிடித்துத் தொங்கினாள். தொங்கியது வலது தோளில். அக்கா போட்ட அலறலில் மைனரே அழுகையை நிறுத்திவிட்டான்.

அந்த வாரமே கணினியையும் நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு அக்கா வேறு தெருவுக்குக் குடிபோனாள். வேலை போகாமல் தப்பியது என்றுதான் கேள்வி. அம்மா போகவில்லை, மாவுக்கட்டுக்காரனுக்குச் சோறு ஊட்ட ஆள் வேண்டுமே!

கட்டுப் பிரித்ததும் மைனருக்குக் கல்யாணம் ஆனது. பெண்ணும் வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்ப்பவள்தான். அக்கா வரவில்லை. மணப்பெண் பேருக்கு ஒரு பொட்டலம் மட்டும் வந்தது. பிரித்தால், மூலை நசுங்கிய ஒற்றைக் கைப்பிடி. புதுப்பெண் அதைப் பீரோ மேல் போடவில்லை. கைக்கு எட்டுகிற இடத்தில்தான் வைத்திருக்கிறாளாம்.