மூடி மேல் கை வைக்காதீர்கள்

கண்டக்டரம்மா இப்போது கண்டக்டர் இல்லை. பஸ்ஸில் ஏறுகிறவர்கள் அட்டையைத் தேய்த்துவிட்டுத் தாங்களாகவே உட்காரத் தொடங்கியதும், கம்பெனி அவள் கையில் ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து வழியனுப்பிவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நறுக்கி, அரைத்து, பிசைந்து, வேகவைத்தும் கொடுக்கும் ஒரு சமையல் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் செய்து காட்டுவதுதான் இப்போது அவள் பிழைப்பு.

அந்தப் பிழைப்பில் விற்பனை கூட இரண்டாம்பட்சம். வந்திருப்பவர்களில் ஒருவராவது "அடுத்து எங்க வீட்டுக்கு வாங்க" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சங்கிலி அறுந்துபோகும். போன இரண்டு வீடுகளிலும் சூப்பைக் குடித்தார்கள், வாயைத் துடைத்தார்கள், நழுவிவிட்டார்கள். மிச்சமிருந்தது இந்த நர்ஸ் வீடு ஒன்றுதான். இங்கேயும் யாரும் கூப்பிடாவிட்டால் காலையில் மெஷினைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

"உங்க குரல் பஸ்ஸுக்குச் சரி. வீட்டுக்குள்ள மெதுவாப் பேசுங்க, சிரிச்சுக்கிட்டே பேசுங்க" என்று பயிற்சி கொடுத்த பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கண்டக்டரம்மாவும் கன்னம் வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸின் சமையலறையில் நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அதில் நர்ஸின் நாத்தனார், பெரியம்மா, பக்கத்து வீட்டுப் பெண்கள் என்று ஒரு கூட்டமே அடைந்திருந்தது. வாசல்படியில் வேறு இரண்டு பேர்.

காரட், உருளைக்கிழங்கு, வெங்காயம் உள்ளே போயின. மூடி பூட்டிக்கொண்டது. "இனிமே நாம பக்கத்துல நிக்கவே வேண்டாங்க. தானா வெந்துடும்" என்றாள் கண்டக்டரம்மா, மெதுவாக.

"சத்தமே காணோம். வேகுதா, தூங்குதா?" என்றாள் பெரியம்மா. சொல்லி முடிப்பதற்குள் மூடியைத் திருகித் திறந்துவிட்டாள்.

மெஷின் கீச்சென்று நின்றது. மூடி திறந்தால் அது அப்படித்தான், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கண்டக்டரம்மா சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

அடுத்து நாத்தனார். "ஒரு கிளறு கிளறிக்கிறேன், அடி பிடிச்சிடப்போகுது."

"அதுவே கிளறிக்கும்மா."

"அது கிளறுறத யார் பார்த்தா?"

அதுவும் நியாயம்தான் என்று யாரோ சொன்னார்கள். மறுபடி முதலிலிருந்து. பிறகு நர்ஸே, ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் நோயாளியைப் பார்ப்பதுபோல, ஒரு முறை திறந்து காரட்டை அமுக்கிப் பார்த்தாள். காரட் கல் மாதிரி இருந்தது.

"நம்ம அடுப்பா இருந்தா இந்நேரம் குடிச்சே முடிச்சிருப்போம்" என்றாள் வாசல்படியில் நின்றவள். எல்லோரும் சிரித்தார்கள். கண்டக்டரம்மா மூடியைப் பூட்டி மறுபடி ஆரம்பித்தாள். பெரியம்மாவின் கை மறுபடி மூடியை நோக்கி நகர்வது தெரிந்தது.

அவ்வளவுதான். பூட்டி வைத்திருந்த குரல் பிய்த்துக்கொண்டு வந்தது.

"படியில நிக்காதீங்க, நகருங்க நகருங்க. பெரியம்மா, கைய எடுங்க. முன்னாடி எவ்வளவு இடம் கிடக்குது, எல்லாரும் ஹாலுக்குப் போங்க. உள்ள போய் உக்காருங்க."

தட்டு அலமாரியில் தம்ளர்கள் நடுங்கின. கூட்டம் நகர்ந்து ஹாலுக்குப் போய் வரிசையாக உட்கார்ந்தது. ஒரு பெண் பழக்கதோஷத்தில் பையைத் துழாவிப் பஸ் அட்டையை வெளியே எடுத்துவிட்டாள்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தபடி கண்டக்டரம்மா சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுப்பதற்குள் ஹாலில் பேச்சு கிளம்பிவிட்டது.

"அண்ணி உக்காந்து நான் பார்த்ததே இல்ல" என்றாள் நாத்தனார். "இந்த வீட்டு நாற்காலி உனக்கு அளவு சரியா இருக்கா அண்ணி?"

"நீ வந்தா எனக்கு எங்கடி உக்கார நேரம்?" என்றாள் நர்ஸ். காலை நீட்டி, கட்டைவிரலை ஆட்டிப் பார்த்துக்கொண்டாள்.

யாரோ ஒரு கல்யாணக் கதையை எடுத்தார்கள், இன்னொருத்தி அதைத் திருத்தினாள். மெஷின் மணியடித்தபோது யாருக்கும் காது கேட்கவில்லை. கண்டக்டரம்மாவே கிண்ணங்களில் ஊற்றிக் கொண்டுவந்தாள்.

பெரியம்மா ஒரு வாய் குடித்தாள். "உப்பு பத்தல."

கண்டக்டரம்மா உப்பு ஜாடியை நீட்டினாள். முகத்தில் சிரிப்பை ஒட்டவைக்கக்கூடத் தெம்பில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வா" என்றாள் பெரியம்மா, உப்பைப் போட்டபடியே. "மூணு மருமகளும் ஒரே அடுப்பச் சுத்தி நின்னுக்கிட்டு ஒருத்திய ஒருத்தி முறைப்பாளுங்க. நான் சொன்னா ஒருத்தியும் நகர மாட்டேங்கறா. நீ வந்து ஒரு சத்தம் போடு."

"மெஷின் பெரியம்மா?"

"அதையும்தான் தூக்கிட்டு வாயேன்."

பையை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது, பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, கண்டக்டரம்மா கைப்பிடிச் சுவரை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"போலாம், ரைட்."