மடுவுக்குப் போன ஒற்றைக் குளிசை

டொக்டர் சுபத்திரா ஒரேயொரு போத்தலை மேசையில் வைத்து, "இனி இது மட்டும்தான். ஒரு நாளைக்கு ஒண்டு, காலமைச் சாப்பாட்டோட போடுங்கோ," என்றார். எனக்குப் பகீரென்றது.

என் கணவர் வின்சன்டைக் கொண்டுபோன எச்.ஐ.வி. எனக்கும் இருக்கிறது. காலையும் இரவும் கைநிறையக் குளிசை விழுங்கித்தான் இத்தனை வருடமாகப் பள்ளிமுனையில் கருவாடு காயப்போட்டு, வித்து, மகளைப் படிப்பிக்கிறேன். திடீரென்று குறைத்தால் என்ன அர்த்தம்?

"என்ன டொக்டர், கைகழுவி விட்டிட்டீங்களோ? இவள் எப்பிடியும் சாகத்தானே போறாள் எண்டோ?"

அவர் சிரித்துவிட்டார். "சாகிற ஆள் இப்பிடிக் கத்தமாட்டா. உங்கட இரத்தத்தில வைரஸ் பரிசோதனைக்கே தெரியாத அளவுக்கு அடங்கிக் கிடக்கு. நீங்கள் ஒழுங்காப் போட்டதாலதான் குறைக்கிறம். இதையும் விடாமப் போடோணும். பிறகு திரும்ப இரத்தம் பாப்பம்."

சில மாதம் கழித்துப் பார்த்தார்கள். அடங்கித்தான் கிடந்தது. உடனே எனக்கு மடு மாதா கோயில் ஞாபகம் வந்தது.

ஆவணித் திருவிழாவுக்கு எங்கள் குடும்பம் முழுக்க மடுவில் போய்த் தங்கும். ஒரே படங்குக் கூடாரத்துக்குக் கீழே வரிசையாகப் பாய் விரித்துப் படுப்போம். நோய் தெரிந்த நாளிலிருந்து நான் போகவில்லை. வின்சன்டின் அக்கா அன்ரோனெற் மச்சாளின் கண்ணுக்குத் தப்பி, இரண்டு நேரமும் அத்தனை குளிசையை விழுங்க அங்கே மறைவேது? வருடா வருடம் ஏதோ சாட்டுச் சொல்லி நின்றுவிடுவேன். மாதாவைப் பார்க்க முடியாமல் வீட்டில் தனியே கிடந்து அழுவேன். இந்த முறை லொறியில் முதல் ஆளாக ஏறினேன். ஒன்றுதானே, முகம் கழுவப் போகிற மாதிரிப் போய் வாயில் போட்டால் யாருக்குத் தெரியும்?

அந்தத் திட்டம் முதல் நாளே குழம்பிப்போனது. பாணைக் கடித்துவிட்டுக் குளிசையோடு எழும்பப் போக, மச்சாள் எதிரே வந்து குந்தினார்.

"அதென்னடி குளிசை?"

பிறசருக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு எரிச்சல் வந்தது. மாதாவின் வாசலில் இருந்துகொண்டும் பொய்யா? நான் யாருடைய குடியைக் கெடுத்தேன்? விழுங்கிவிட்டுச் சொன்னேன்.

"எச்.ஐ.வி.க்கு, மச்சாள். வின்சன்டுக்கு இருந்தது. எனக்கும் இருக்கு. கூட இருந்தாலோ சாப்பிட்டாலோ ஒருத்தருக்கும் தொத்தாது."

"சேசு மரி சூசை!" மச்சாள் நெஞ்சில் கை வைத்தார். எழும்பிப் போய்ப் படங்கு முழுக்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் எழும்பவில்லை. "என்ர தம்பி எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லையே," என்று கண்ணைத் துடைத்தார். பிறகு தன் பையைப் பிரித்துக் குளிசைகளை உள்ளங்கையில் கொட்டினார். சீனி வருத்தத்துக்கு, பிறசருக்கு, கொழுப்புக்கு, கால் உளைவுக்கு. அதையும் என் வெறுங்கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உனக்கு ஒண்டே ஒண்டுதானோ?"

"ஓம், மச்சாள். முந்திக் கைநிறைய. டொக்டர்தான் ஒண்டாக் குறைச்சவ."

"குடுத்து வைச்சனீ! ஊருக்குப் போனதும் என்னையும் அந்த டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போ. இந்தக் குவியலையும் குறைக்கேலுமோ எண்டு கேப்பம்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அழுறதைப் பிறகு அழு. உன்ர தேத்தண்ணியைத் தா," என்றார் மச்சாள். நான் பாதி குடித்து வைத்திருந்த கோப்பையை வாங்கி, கையிலிருந்த அத்தனையையும் விழுங்கினார்.