ஒரே நட்டு, இரண்டு கை

வீம்பென்றால் அப்படியொரு வீம்பு! ஒரே வீடு, ஒரே கட்டில், ஆனால் வாய்ப் பேச்சில்லை. பைக்கிலிருந்து விழுந்து காலை நொறுக்கிக்கொண்ட லிப்ட் மெக்கானிக், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்ததும் மனைவியிடம் சொன்னான்: "நீ போன் பண்ணி அவசரப்படுத்தலன்னா நான் விழுந்திருக்கவே மாட்டேன்." தையல் கடை வைத்திருக்கும் அவளுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. அன்றோடு பேச்சை நிறுத்தினாள்.

நொறுங்கிய துண்டுகளை எடுத்ததில் கால் குட்டையாகியிருந்தது. டாக்டரம்மா எலும்பை வேறோர் இடத்தில் வெட்டி, காலைச் சுற்றி இரும்பு வளையங்களை மாட்டியிருந்தார். வளையங்களை இணைக்கும் கம்பியிலுள்ள நட்டைத் தினமும் துளித்துளியாகத் திருப்பினால் வெட்டு மெல்ல விலகும். அந்த இடைவெளியில் புது எலும்பு வளரும். திருப்பும் விதத்தை இருவருக்குமே சொல்லிக் கொடுத்திருந்தார்.

'இந்த மனுஷன் எங்கே உருப்படியாகச் செய்யப் போகிறார்' என்று, அவன் தூங்கும்போது அவள் ஸ்பேனரை எடுத்துத் திருப்பிவந்தாள். கோபம் அவன்மேல்தானே, கால்மேல் இல்லையே.

அடுத்த முறை எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"நட்டை யார் திருப்புறது?"

"நான்" என்றார்கள் இருவரும்.

அவள் கடைக்குப் போனபின் அவனும் திருப்பியிருக்கிறான்! தன் முகத்தையே பார்க்காதவள் காலையா கவனிக்கப் போகிறாள் என்று நினைத்தானாம்.

"நல்லா இருக்கு போங்க! எலும்பு வளர்றதுக்கு நேரம் வேணாமா? ரெண்டு பேரும் இழுத்த இழுப்புல அங்க வெறும் இடைவெளிதான் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "கொஞ்ச நாளைக்குப் பின்பக்கமா திருப்பிப் பார்ப்போம். அப்பவும் வளரலன்னா இடுப்புலேர்ந்து எலும்பு எடுத்து வைக்கணும். அதுவும் ஒட்டலன்னா இந்தக் காலை நம்பி லிப்ட் வேலைக்குப் போக முடியாது. இனிமே ஒருத்தர்தான் திருப்பணும்."

வீட்டுக்கு வந்ததும் அவன் ஸ்பேனரை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கி நட்டில் பொருத்தினாள். எந்தப் பக்கம் என்று இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டாள்.

"நீ போன் பண்ணப்போ நான் எடுக்கவே இல்ல" என்றான் அவன், ஜன்னலைப் பார்த்தபடி. "வளைவுல நான்தான் வேகமா திரும்பினேன். பழியைத் தூக்கி உன்மேல போட்டுட்டேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நட்டைத் திருப்பி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா, ஒரு கைதானேங்க திருப்பியிருக்கும்."