கோசமேயின் குடை

எருக்கங்கிளையை ஒடித்தபோது கையில் வழிந்த பாலை வேட்டியில் துடைத்துக்கொண்டே ஆஞ்சப்பன் மாமா உள்ளே வந்தார். தேடி அலையவேண்டி இருக்கவில்லை. கம்பெனி மதில் ஓரம் முழுக்க எருக்குதான்.

"மஞ்சக் கயிறு எங்க கண்ணு?"

ஹரிணி தாம்பாளத்தைக் காட்டினாள். கூடத்தில் அவள் அண்ணன் ராஜசேகர் பட்டு வேட்டியும் மாலையுமாகப் படுத்திருந்தான். ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வந்தவன். குருபரப்பள்ளி திருப்பத்தில் லாரி. ஆஸ்பத்திரியிலிருந்து காலையில்தான் கொடுத்தார்கள்.

கல்யாணம் ஆகாதவனை அப்படியே புதைக்கக்கூடாது. எருக்குக்குத் தாலி கட்டி, அதையும் கூடவே குழியில் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் ஆவி பெண் தேடி அலையும் என்பார்கள்.

"அப்புறம், அவன் ரூம்ல இருக்குற பேய் பொம்மைங்கள எல்லாம் ஒரு சாக்குல போடு. பாய், தலகாணியோட சேத்து மயானத்துல போட்டுறலாம்."

"அது பேய் பொம்ம இல்ல மாமா."

"பின்ன?"

"பேய்தான். ஆனா..."

"அப்பிடிச் சொல்லு."

அவள் சாக்கை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

கண்ணாடி அலமாரிக்குள் அவன் பொருத்திய சின்ன விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த வெளிச்சத்தில் தட்டு தட்டாகக் கோசமே என்கிற அந்தப் பேய்ப்பெண் நின்றாள். பள்ளிச் சீருடையில் ஒருத்தி. அடுத்தவன் டிபன் பாக்ஸைத் திறந்து தின்கிற ஒருத்தி. கொடிக்கயிற்றில் துணியோடு துணியாகத் தலைகீழாகத் தொங்குகிற ஒருத்தி. எல்லாம் ஒரே பேய், ஒரே ஜப்பான் படக்கதையில் வருகிறவள். மாதம் பிறந்தால் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் போய், புதுப் பொம்மைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்புவான். வந்ததும் பிரிக்கமாட்டான். குளித்துவிட்டுத்தான் பிரிப்பான்.

கதையையும் அவன்தான் சொல்வான், ஹரிணி துணி மடிக்கும்போது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மழையில் செத்துப்போன பெண். பேயாக வந்து ஒரு அசட்டுப் பையன் வீட்டு வாசலில் நிற்கிறாள். பயமுறுத்தத்தான் வந்தாள். அவன் பயப்படத் தெரியாதவன், 'நனையறீங்களே' என்று துண்டை நீட்டுகிறான்.

"அப்புறம் என்னாடா?"

"அப்புறம் என்னா, சண்டதான். கை தொடப் போவாங்க, எவனாவது வந்து கதவத் தட்டுவான்."

"இத்தன வருசமாவா?"

"பொறுமையாதான் வரும்."

அலமாரியின் நடுவில் கல்யாண உடுப்புக் கோசமே இருந்தாள். வெள்ளை அங்கி, கையில் விரல் நீளத்துக்குச் சிவப்புக் குடை. குடைக்காம்பில் பசை ஒட்டிய தழும்பு. சூளகிரியிலிருந்து பெண் வீட்டார் வந்த அன்று அம்மா எல்லாப் பொம்மைகளையும் அரிசிச் சாக்கில் அள்ளிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். அப்படியும் தரகர் கண்ணில் பட்டுவிட்டது. "பையனுக்குச் சம்பளம்லாம் சரிதான். பொம்ம வெச்சு வெளையாடறானாமே?" என்று அவர் வாசலில் நின்று சிரித்துவிட்டுப் போனார். ராஜசேகர் சாக்கைத் திறந்து, முறிந்த குடையை ஜன்னலோரம் உட்கார்ந்து ஒட்டினான். ஒட்டிய பிறகும் வெகுநேரம் விரலால் பிடித்துக்கொண்டே இருந்தான்.

தலைகீழாகத் தொங்கியவள் சாக்குக்குள் போனாள். டிபன் பாக்ஸ்காரி போனாள். கல்யாணப் பெண்ணிடம் வந்ததும் ஹரிணியின் கை நின்றுவிட்டது. அண்ணனை ஒரு செடிக்குக் கட்டிவைத்துவிட்டு, இவளைக் கிழிந்த பாயோடு சேர்த்து எறிவதா? ஆனால் கூடத்தில் அத்தனை பேர் நடுவில் போய் இதை எப்படிச் சொல்வது?

பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. அம்மா மாரம்மா கதவருகே நின்றிருந்தாள். காலையிலிருந்து அழாதவள்.

"அதக் குடு."

ஹரிணி கொடுத்தாள். அம்மா வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரல் குடைக்காம்பின் தழும்பில் வந்து நின்றது. வெளியே மேளம் ஓய்ந்து, ரொம்ப தூரத்தில் ஷிஃப்ட் சங்கு ஊதியது. இருவரும் அது முடியும்வரை நின்றார்கள்.

"இது பேரு என்ன?"

"கோசமே."

"என்ன பேரோ... என்னா சாதின்னுலாம் இருக்காது, இல்ல?"

"இல்லம்மா." ஹரிணி சாக்கைக் கீழே வைத்தாள். "பேர் சொல்லிக் கூப்புட்டாத்தான் வாசப்படி தாண்டி வருவாளாம். அண்ணன் சொல்லும்."

அம்மா பொம்மையை அதன் வட்டப் பீடத்திலிருந்து மெல்லக் கழற்றினாள். அவளைக் கட்டில் மேல் சுவரோடு சாய்த்து நிறுத்திவிட்டு, அறை வாசலைத் தாண்டிக் கூடத்தில் போய் நின்றுகொண்டாள். பிறகு திரும்பி, புது மருமகளை அழைக்கிற குரலில், கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாள்:

"கோசமே, வாம்மா."

ஹரிணி அவளை இரு கையாலும் ஏந்திப் படியைத் தாண்டினாள்.

"என்னாக்கா இது?" என்றார் மாமா, எருக்கங்கிளையோடு.

"பொண்ணு."

"பைத்தியமா உனக்கு? எருக்கு வெட்டியாந்துட்டேனே!"

"நீதான் தாரம் போயி ஒண்டியா இருக்கியே. நீ கட்டிக்க."

யாரோ ஒருத்தி சிரித்து, வாயைப் பொத்தி, அப்படியே அழுதாள். மாமா கிளையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கிளையைச் சுவரோரம் சாய்த்துவிட்டுக் கயிற்றை எடுத்தார்.

அவ்வளவு சின்னக் கழுத்துக்குக் கயிறு நீளம். சுற்றிச் சுற்றிக் கட்டவேண்டியிருந்தது. ராஜசேகரின் விரல்களை மாமா பிடித்துக்கொள்ள, அம்மா அவற்றின் மேல் தன் கையை வைத்து முடிச்சைப் போட்டாள். இறுக்கும்போது குடை பழைய இடத்திலேயே முறிந்தது. அம்மா அதை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பொம்மையை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். இம்முறை யாரும் வந்து கதவைத் தட்டவில்லை.

தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் தெருமுனை வரை போய்த் திரும்பினார்கள். வீட்டைக் கழுவி விட்டார்கள். சாக்கை எடுத்துப்போக மாமா மறந்துவிட்டிருந்தார். ஹரிணியும் நினைவூட்டவில்லை.

பொழுது சாயும்போது அவள் தண்ணீர் வாளியை வைக்க வாசலுக்கு வந்தாள். வாசப்படிக்கு வெளியே அவன் கம்பெனி ஷூக்கள் எப்போதும்போல் கிடந்தன. அவற்றில் ஒன்றின்மேல், சேர்ந்து வீட்டுக்குள் வந்தவர்கள் வெளியே விட்டுவிட்டு வந்ததுபோல, அம்மா முந்தானையில் முடிந்த அந்தச் சிவப்புக் குடை சாய்ந்திருந்தது.