ஓய்வுநாளில் மூன்றாவது கியர்

வருடத்துக்கு ஒருமுறை எங்கள் வயதுக்காரர்கள் பழைய ஸ்கேட்டிங் கூடத்தில் கூடுகிறோம். ஹாம் வைத்த பன், ஆறிப்போன காபி, யாரோ கொண்டுவந்த புகைப்படங்கள். பேச்சு எப்படியும் அந்தக் கோடைகளுக்குப் போய்விடும். கார்கள், கிடார்கள், காது அடைத்த இரவுகள். கடைசியில் ஒருவர், "அந்த வயசுல எல்லாருக்கும் ஒரு கிறுக்குதான்" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். நான் ஆட்டுவதில்லை. என் கணவர் இருந்தவரை மேசைக்கு அடியில் என் காலை மிதிப்பார். அப்போதும் ஆட்டியதில்லை.

1968இல் எனக்குப் பத்தொன்பது வயது. அமெரிக்காவின் மிச்சிகனில் செலரிக் கீரை விளையும் கறுப்பு மண் எங்களுடையது. தாத்தாக்கள் ஹாலந்திலிருந்து வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை கர்த்தரின் ஓய்வுநாள்; துணி உலர்த்த மாட்டோம், புல் வெட்ட மாட்டோம். காலையில் ஓர் ஆராதனை, மாலையில் ஓர் ஆராதனை. நடுவே மாட்டிறைச்சியும் தூக்கமும்.

தேவாலயத்துக்கு மேற்கே, செலரி வயல்கள் முடியும் இடத்தில், வெளியூர்க்காரர் ஒருவர் கால் மைல் நீளத்துக்குத் தார் போட்டு டிராக் ரேஸ் நடத்தினார். இரண்டு கார்கள், ஒரு நேர்கோடு, யார் முந்துகிறார் என்பதுதான் ஆட்டம். அதுவும் ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஒத்திகை, மதியம் போட்டி. மேற்குக் காற்று அடித்தால் எஞ்சின் சத்தம் தேவாலயத்தின் ஜன்னல் வழியாக வரும். போதகர் டைக்ஸ்ட்ரா பிரசங்கத்தை நிறுத்துவார். சத்தம் அடங்கும்வரை பைபிளைப் பார்த்தபடி நிற்பார். சபை மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அது இல்லாததுபோல் உட்கார்ந்திருக்கும். அந்த மௌனங்களில்தான் நான் எஞ்சின்களைக் கற்றுக்கொண்டேன். எது யாருடைய கார், எது எந்த இடத்தில் திணறும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்.

அவற்றில் ஒன்று வெர்லினுடையது. பக்கத்துப் பண்ணைப் பையன், எங்கள் சபையைச் சேராதவன். நீல ஷெவ்ரலே கார் வைத்திருந்தான். வாரநாளில் செலரி ஏற்றுவான், சனிக்கிழமை டிரம்ஸ் அடிப்பான், ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டுவான். 'கருஞ்சேறு' என்பது அவனுடைய இசைக்குழுவின் பெயர். நான்கு பேர், இரண்டு ஒலிபெருக்கிகள். இந்த ஸ்கேட்டிங் கூடத்தில்தான் வாசிப்பார்கள். நாங்கள் சக்கரக் காலணிகளைக் கழற்றாமலே ஆடுவோம். பாட்டு காதால் கேட்பதாகவே இருக்காது. பலகைத் தரை வழியாக முழங்காலுக்கு ஏறும். நன்றாக வாசித்தார்களா என்று இன்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. அது எங்களுடையதாக இருந்தது.

மதியத் தூக்கத்தில் அப்பா ஆழ்ந்த பிறகு அவருடைய பச்சை பிளிமத் காரை எடுத்துக்கொண்டு நானும் பந்தயத்துக்குப் போனேன். செலரி வண்டியை இழுப்பதற்காகப் பெரிய எஞ்சினாக வாங்கியிருந்தார். தோற்றேன், ஜெயித்தேன், மறுபடி தோற்றேன். அங்கே போட்டி எண்ணை வெள்ளை ஷூ பாலிஷால் கண்ணாடியில் எழுதுவார்கள். திரும்பும் வழியில் ஓடைத் தண்ணீரில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்.

ஆகஸ்டில் ஒரு மாலை, ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது பனி இறங்கியிருந்தது. தேவாலய முற்றத்தில் வரிசையாக நின்ற கார்களில் எங்களுடைய கண்ணாடியில் மட்டும், துடைத்தும் போகாத பாலிஷ் மெழுகில் ஈரம் படியாத கோடுகளாக, அந்த எண் தெளிவாகத் தெரிந்தது. சபையை நடத்தும் மூப்பர்கள் எல்லோரும் அதைக் கடந்துதான் போனார்கள். அப்பாவும் ஒரு மூப்பர்.

காரைக் கேட்காமல் எடுத்ததற்கு அன்றிரவே அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையசைத்தார். ஆனால் சபைக்கு அது போதவில்லை. மூப்பர் பூர்ஸ்மா வீட்டுக்கு வந்து, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு விளக்கினார். அடுத்த ஞாயிறு பத்துக் கட்டளை வாசித்ததும் நான் எழுந்து நிற்க வேண்டும். ஓய்வுநாளை அவமதித்ததற்காக மனம் வருந்துகிறாயா என்று போதகர் கேட்பார். ஆம் என்று சொன்னால் போதும். சொல்லாவிட்டால் எனக்குத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கிடையாது. மகளைத் திருத்த முடியாதவர் மூப்பர்களின் பெஞ்சில் உட்காரவும் முடியாது.

"ஒரே ஒரு வார்த்தைம்மா," என்றார் பூர்ஸ்மா. "வலிக்கவா போகுது?"

அப்பா பூர்ஸ்மாவை வாசல்வரை வழியனுப்பினார். அந்த வாரம் முழுவதும் என்னை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை கூடத்துக்குப் போனேன். பன்னிரண்டு அடித்தால் ஞாயிறு தொடங்கிவிடும் என்பதால், கூடத்துக்காரர் எப்போதும்போல் மின்சாரத்தைப் பிடுங்கினார். கிடார்கள் செத்தன. ஆனால் வெர்லின் இருட்டில் அடித்துக்கொண்டே இருந்தான். நாங்கள் சக்கரக் காலால் தரையை மிதித்து அவனோடு போனோம். அவனாகக் களைத்து நிறுத்தும்வரை யாரும் வெளியேறவில்லை.

வெளியே வந்ததும் சட்டையைப் பிழிந்தபடி என்னிடம் வந்தான். "பேசாம ஆமான்னு சொல்லித் தொலைச்சிடு ஆர்லிஸ். வாய்தானே. மனசுக்குள்ள என்ன வேணா நெனச்சுக்க. உங்கப்பாவப் பாரு."

"இப்ப உன்னை யாரு அடிக்கச் சொன்னாங்க? கரண்டுதான் போயிடுச்சே."

"அது வேற."

"என்ன வேற?"

யோசித்தான். "போடி, உன்கிட்ட பேச முடியாது," என்றான்.

மறுநாள் மேற்குக் காற்று. ஜன்னல்கள் திறந்திருந்தன. அப்பா முன்னால், பக்கவாட்டில், மூப்பர்களின் பெஞ்சில். நான் அம்மாவோடு வழக்கமான இடத்தில். கட்டளைகள் வாசிக்கப்பட்டன. எழுந்தேன்.

போதகர் டைக்ஸ்ட்ரா கெட்டவர் அல்ல. மெதுவாகத்தான் கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயலின் கறுப்பு அந்த நகக்கண்களில் எந்த ஞாயிறும் போனதில்லை. வார்த்தை தொண்டைவரை வந்தது என்பதை மறைக்க மாட்டேன். அவருக்காக வந்தது. ஆனால் நான் வருந்தவில்லை. வருந்தாத ஒன்றுக்காக வருந்துகிறேன் என்று அந்த இடத்தில் நின்று சொன்னால், அதன்பிறகு அங்கே நான் சொல்லும் எந்த ஜெபத்தையும் யார் நம்புவது?

நான் பேசவில்லை. போதகர் காத்திருந்தார். சபை காத்திருந்தது. யாரும் இருமக்கூட இல்லை.

அப்போது மேற்கில் ஒரு எஞ்சின் எழுந்தது. நீல ஷெவ்ரலே. முதல் கியர் சுத்தம். இரண்டாவது அழகு. பிறகு பிடிமானம் இல்லாமல் ஒரு அலறல், மேலே மேலே போய் அறுந்து விழுந்தது.

"மூணாவது கியர் விழல," என்றேன்.

உரக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த மௌனத்தில் அது கடைசி வரிசைவரை போனது. எங்கோ ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். போதகர் என்னையே பார்த்தார். "இதுதான் உன் பதிலா, மகளே?"

"எங்கிட்ட வேற இல்லைங்க ஐயா."

உட்கார்ந்தேன். அம்மா கைப்பையைத் திறந்தார். பெப்பர்மின்ட் மிட்டாயைப் பிரசங்கம் தொடங்கிய பிறகுதான் வரிசையில் கடத்துவது எங்கள் வழக்கம். ஒருநாளும் அவர் அதை மீறியதில்லை. பிரசங்கம் தொடங்குமுன்பே ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

பிறகு முன்னால் பெஞ்சு கிரீச்சிட்டது. அப்பா எழுந்தார். யாரும் அவரைப் போகச் சொல்வதற்கு முன்பே எழுந்தார். ஞாயிற்றுக்கிழமைக் காலணி சத்தமிட, நடுப்பாதையில் அத்தனை பேரையும் கடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வெட்கமா, கோபமா, வேறொன்றா, அவர் இறக்கும்வரை நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அவருக்கும் ஒரு பெப்பர்மின்ட் போனது. பிரசங்கம் முழுவதும் அவருடைய தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது.

அன்று மதியம் அவர் கார்ச் சாவியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுத் தூங்கப் போனார். நான் அதைத் தொடவில்லை. நான் மன்னிப்புக் கேட்ட ஒரே காரியம் அதை எடுத்ததுதான். தேவாலயத்துக்குப் போட்ட உடுப்போடு, செலரி வயல்களின் வரப்பில் நடந்தே போனேன். வெள்ளைச் செருப்பு கறுப்பானது.

வெர்லின் காருக்கு அடியில் படுத்திருந்தான். என் செருப்பைப் பார்த்து வெளியே வந்தான். முகமெல்லாம் கிரீஸ். "காலைல மானம் போச்சு ஆர்லிஸ். மூணாவது கியர் விழவே இல்ல. நல்லவேளை, பாக்க யாரும் இல்ல."

"தெரியும்," என்றேன். "சபையே கேட்டுச்சு. தள்ளு, அடுத்த ஓட்டம் நான் ஓட்டுறேன்."